வெள்ளை ஹெல்மெட்

இசைப்பிரியா மோட்டார் ரிப்பேர் பட்டறைக்குள் காலை வைத்ததும் அங்கிருந்த ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். ஃபோர்மேன் கலியமூர்த்தி தன் நாற்காலியைத் துடைத்து ஃபேனுக்குக் கீழே போட்டார்.

"உக்காருங்க மேடம்."

"நான் மேடம் இல்ல சார். டிப்ளமா முடிச்சிட்டு டிரெய்னிங்குக்கு வந்திருக்கேன். பதினஞ்சு நாள்."

"சரிங்க மேடம்."

எல்லாம் தலையிலிருந்த வெள்ளை ஹெல்மெட் செய்த வேலை. நெய்வேலியில் மஞ்சள் போட்டவர் வேலை செய்வார், வெள்ளை போட்டவர் அதைப் பார்ப்பார். இது அவளுக்கும் தெரியும். ஆனால் வடலூர்க் கடையில் மஞ்சள் தீர்ந்துபோய் வெள்ளைதான் இருந்தது.

போதாக்குறைக்கு, போன வருஷம் பட்டறையை நடத்தும் கான்ட்ராக்ட் கம்பெனியின் ஹெட் ஆபீசிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போயிருந்தார்.

இசைப்பிரியாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஒரு மோட்டாரைத் தன் கையால் பிரித்துப் பூட்ட வேண்டும். கல்லூரியில் இருந்த ஒரே மோட்டாரை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். போன மாதம் பாண்டிச்சேரியில் ஒரு இன்டர்வியூ. "மோட்டாரப் பிரிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். "படம் வரைஞ்சு பாகம் குறிப்பேன் சார்" என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை அப்பா தனகோட்டியிடம் கேட்டாள். அவர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"உன் மஞ்சள் ஹெல்மெட்டக் குடுப்பா."

"எனக்கு நைட் ஷிப்டுதான, எடுத்துக்கினு போ."

அழுக்கேறிய அந்த மஞ்சள் ஹெல்மெட்டோடு போனவளைப் பார்த்து கலியமூர்த்தி வெலவெலத்துப் போனார்.

"மாறு வேஷம்டா!" என்று, மோட்டாருக்குக் காயில் சுற்றும் வைண்டர் கோபாலகிருஷ்ணனின் காதைக் கடித்தார். "நேத்து மறந்துபோயி சொந்த ஹெல்மெட்டப் போட்டுக்கினு வந்துட்டாங்க. இன்னிக்கி உஷாராயிட்டாங்க."

மஞ்சள் போட்டும் யாரும் எதையும் தொட விடவில்லை. சரி, பார்த்தாவது கற்றுக்கொள்வோம் என்று இசைப்பிரியா நோட்டில் குறிப்பெடுத்தாள். அவள் எழுதுவதைப் பார்த்ததும் எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். அரைமணி நேரம் முன்னால் வந்து பார்த்தாள். அடுத்த நாள் அவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டார்கள். துடைப்பத்தை எடுத்தாள். ஆறு பேரும் பதறியடித்து ஓடிவந்து பிடுங்கினார்கள்.

அவளை நம்பிய ஒரே ஜீவன் வீராயி. பட்டறையைக் கூட்டி, டீ போடுகிறவள்.

"மூஞ்சப் பாத்தா தெரியல? வேலைக்கு அலையிற புள்ளப்பா அது. ஒரு ஸ்பேனரக் குடுத்தா கொறைஞ்சா பூடுவீங்க?"

"நீ சும்மா இரு ஆயா. எங்க வேலைக்கு ஒல வெக்காத."

பதிமூன்றாம் நாள் கோபாலகிருஷ்ணன் ஒரு பம்ப் மோட்டாரைப் பூட்டி ஓடவிட்டார். ம்ம்ம் என்று சீராக ஓடியது. இசைப்பிரியா இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் கை பட்டு ஒன்று இப்படி ஓட வேண்டும், வாழ்க்கையில் ஒரு தடவையாவது. அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா மிக்ஸி போட்டபோதுகூட ஏக்கமாக இருந்தது.

கடைசி நாள் மைன்ஸிலிருந்து பழுதான மோட்டார் ஒன்று வந்து இறங்கியது. கலியமூர்த்தி வழக்கம்போல நாற்காலியைத் துடைத்தார். இசைப்பிரியா உடைந்துவிட்டாள்.

"சார், எனக்கு ஒண்ணுமே தெரியாது! ஒரு மோட்டாரக்கூடத் தொட்டதில்ல. எந்தப் பக்கம் கழட்டணும்னே தெரியாது. எல்லாம் புஸ்தகத்துல படிச்சதுதான். இன்னிக்கி ஒரு நாளாவது தொட வுடுங்க!"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கலியமூர்த்தியின் முகம் இளகியது. மெல்ல ஒரு ஸ்பேனரை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். இசைப்பிரியா கையை நீட்டினாள்.

வீராயி டீத் தட்டைத் தடாலென்று கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, அந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இத்தினி நாளா புள்ள புள்ளன்னு பேசிட்டேன், மன்னிச்சிக்கோங்கம்மா. மோட்டாரத் தொட்டதே இல்ல, ஒண்ணும் தெரியாது, எல்லாம் புஸ்தகத்துல படிச்சதுதான்னா, நீங்க நெஜ ஆபீசரேதான்!"