சம்பந்திக்கு, கற்பாசி விஷயமாக

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே என் முதுகைத் தவிர எல்லோரும் சௌக்கியம். தங்கள் வீட்டில் முதுகு உட்பட அனைத்தும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் மகளைப் பற்றி ஒரு புகார். கற்பாசி ஆராய்ச்சி என்று கல்யாணத்துக்கு முன் நீங்கள் சொன்னபோது, ஏதோ சமையல் சம்பந்தப்பட்டது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். இங்கே பார்த்தால் கடலோரச் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். சுவர் முழுக்கச் சாம்பல் திட்டுகள். அதில் இரண்டு வகையாம், ஒன்று எங்கும் கிடைப்பது, மற்றது அபூர்வம். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரு சொட்டு பிளீச் விட்டால் அபூர்வமானது மட்டும் சிவக்கும். அது இருப்பதைக் காட்டாவிட்டால் சுவருக்குச் சிமெண்ட் பூசிவிடுவார்கள், அவள் உழைப்பும் பாசியோடு போய்விடும். பெயிண்ட் கம்பெனியில் கலர் கலந்து ரிட்டயர் ஆனவன் சும்மா இருப்பேனா? பாட்டில் பிடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பூச்சு வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் வந்தார். அவள் ஒரு சொட்டு விட்டாள். சிவக்கவில்லை. இன்னொன்று. ம்ஹூம். "என்னம்மா, பூச ஆரம்பிச்சிடலாமா?" என்றார் அவர். அவள் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இதுல என்ன கலந்தீங்க?"

"நெடி தூக்கலா இருந்துச்சும்மா. கொஞ்சம் தண்ணி..."

எது கையில் கிடைத்தாலும் இளக்கி வைப்பது என் தொழில் பழக்கம், சம்பந்தி. உடனே வீட்டுக்கு ஓடி, துணி துவைத்துக்கொண்டிருந்த என் மனைவியிடமிருந்து பிளீச்சைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப ஓடிவந்த வேகத்தில் கால் தடுக்கி, மொத்தமும் சுவரில். சுவர் சிவந்தது. இன்ஜினியரின் கால்சட்டை வெளுத்தது. பூச்சு வேலை நின்றது. ஆனால் அபூர்வப் பாசி இருக்கிறது என்று நிரூபித்த கையோடு அதில் பாதியை நானே காலி செய்திருந்தேன். "இனிமே சுவர் பக்கமே வராதீங்க, மாமா" என்றவள், அப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் ஒரு பெரிய மனுஷனுக்கு இதுதான் மரியாதையா? எனக்கு மனசே சரியில்லை. தகப்பனாக நீங்கள் நாலு வார்த்தை கண்டிக்க வேண்டும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
சுவரிலிருந்து விலக்கப்பட்ட தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது மருமகள் அறை வாசலில் வந்து நின்று, "கடல் தண்ணி இறங்கிடுச்சு மாமா, சுவருக்கு வர்றீங்களா? பாட்டில் மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். அவளை நீங்கள் ஒரு வார்த்தை கண்டித்தாலும் எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிவிட்டேன்.