முக்கியமானவர்கள் மட்டும்

போனை அடக்கத் தெரியாதவர்கள் பாவம். அடக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதைவிடப் பாவம். நான் இரண்டாவது ரகம். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கம் எதுவும் மிச்சமில்லை. இருந்ததெல்லாம் திருப்பதி–சித்தூர் ரோட்டில் ஒரே பிற்பகலில் செலவாகிவிட்டது.

திருப்பதியில் குடியிருந்துகொண்டு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஆட்களுக்கு ஷிப்ட் போடும் வேலை எனக்கு. யார் காலை, யார் இரவு, யாருக்குக் காய்ச்சல், யாருடைய மாமியாருக்குக் காய்ச்சல் எல்லாம் என் போனுக்குத்தான் வரும். கம்பெனி பஸ் ஏறும் முன்பே அது கத்த ஆரம்பித்துவிடும். ஷிப்ட் குரூப், பஸ் குரூப், அபார்ட்மெண்டின் தண்ணீர் லாரி குரூப், பையனின் பள்ளிக்கூட குரூப். நடுநடுவே, என்றோ ஒருநாள் பிரியாணி வாங்கிய ஆப் "பசிக்கிறதா, வசந்தா?" என்று விசாரிக்கும். (பெற்ற பிள்ளை இதுவரை கேட்டதில்லை.) சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, நாள் முழுக்க யாரோ என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்ததுபோல் தோள் வலிக்கும்.

அதையும் பொறுத்திருப்பேன். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா என் மடியைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, உன் தம்பிக்குச் சித்தூர்ல பொண்ணு பாத்துக்கினு கீறீங்களாமே? ஜாதகம் பொருந்திச்சா?" என்றார். நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் போன்தான் மடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வருகிற செய்தியையெல்லாம் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஆப்பாக உள்ளே போய் வாயை அடைத்தேன். குடக்கூலி கொடுக்காத குடித்தனக்காரர்களை ஒவ்வொருவராகக் காலி செய்கிற மாதிரி இருந்தது. சிலர் போவதற்கு முன், "நிச்சயமாகவா?" என்று கண்ணைக் கசக்கினார்கள். பூட்டிய திரையில் செய்தி எதுவும் தெரியக்கூடாது என்றும் போட்டுவிட்டேன். கடைசியில், யாருக்கு மட்டும் அனுமதி என்று அது கேட்டது. நானும் யோசித்து, எங்கள் குடும்ப குரூப் ஒன்றை மட்டும் 'முக்கியம்' என்று குறித்தேன். கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம், வேறு யார் முக்கியம்? அதற்குப் பிறகும் ஏதோ கேட்டது: "வாகனம் ஓட்டும்போது முக்கியமான செய்திகளைப் படித்துக்காட்டவா?" அடடா, எவ்வளவு அக்கறை என்று ஆமாம் போட்டேன்.

அடுத்த வாரம் திருச்சானூரில், அம்மன் கோயில் பக்கத்துச் சத்திரத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசினோம். எங்கள் பக்கம் நைனா, அம்மா, தம்பி சேகர், நான். கூடவே நைனாவின் அக்கா, எங்கள் அத்தை. (நகரியில் எங்கள் தெருவில் பவர்லூம் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல் அத்தையுடையது மட்டும்தான்.) பெண் வீட்டில் மூன்றே பேர். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அப்புறம் அவர் மனைவி. பெண் லாவண்யா, திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகும் பெண் வேலைக்குப் போவாள். எங்கள் ஐந்து தலையும் ஆடின. அத்தையின் தலை மற்றவற்றைவிட வேகமாக ஆடியது. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பேசி முடித்ததும் மாஸ்டர் குடும்பம் சித்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பியது. அப்போதுதான் எனக்குப் பெருமை தலைக்கேறியது. கார் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. பழைய கார்தான். ஆனால் அதை எனக்கு விற்ற இளைஞன் உள்ளே ஒரு பெரிய திரையும், திருவிழா பந்தலுக்குப் போதுமான ஸ்பீக்கர்களும் வைத்திருந்தான்; வண்டி கிளம்பினால் என் போன் தானாகவே அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

"சம்பந்தி வூட்டுக்காரங்கள பஸ்ல அனுப்பறதா? நான் கொண்டுபோய் உடறேன்" என்றேன்.

"அப்ப நாங்க?" என்றாள் அம்மா.

"நீங்க பஸ்ல போங்கம்மா."

பெற்றவர்களையும் தம்பியையும் அத்தையையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி நகரி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, நான் மகாராணி மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். முன்சீட்டில் மாஸ்டர், பின்னால் அம்மாவும் பெண்ணும். என் கைப்பையும் அதற்குள் போனும் அவர்களுக்கு நடுவில்.

ஊரைத் தாண்டியதும் மாஸ்டர் சந்திரகிரிக் கோட்டையின் வரலாற்றை ஆரம்பித்தார். ராஜாக்கள் இன்னும் கட்டத் தொடங்கக்கூட இல்லை, ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கணீரென்று எழுந்தது. செய்தி வாசிப்பவரைப் போல அத்தனை சுத்தமான குரல்.

"நம்ம குடும்பம் குழுவில், அத்தை எழுதுகிறார். பஸ்ஸு ஏறிக்கினோம். லேடீஸ் சீட்டுல நானும் இவளும் முன்னாடி, ஆம்பளைங்க பின்னாடி."

மாஸ்டர் அசந்துபோனார். "சூஸாவா! அதே சதுவுதோந்தி!" என்று தெலுங்கில் மனைவியிடம் வியந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தானாவே படிக்குதேம்மா!"

"ஆமாம் மாஸ்டர். முக்கியமானது மட்டும் படிக்கும். நான்தான் செட் பண்ணேன்" என்றேன். அதுதான் அன்று நான் கடைசியாகப் பெருமையாகப் பேசிய வாக்கியம்.

அடுத்தது அம்மா. "பொண்ணு லட்சணமா கீது. எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. சிரித்த முகம். சிவப்பு இதயம்." அந்தக் குரல் படங்களையும் விடாமல் படித்தது. பின்சீட்டில் லாவண்யாவின் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். வண்டிக்குள் ஒரு மங்களகரமான அமைதி. மாஸ்டர் மறுபடி கோட்டைக்குப் போனார்.

"அத்தை எழுதுகிறார். பொண்ணு சரி. அவங்க நைனாதான் வாய மூடமாட்டேன்றாரு. கோயில் கதைய சொல்லிச் சொல்லிப் பொங்கல் ஆறிப்போச்சி. இப்ப வசந்தா மாட்டிக்கினா. கண்ணீருடன் சிரிக்கும் முகம். கண்ணீருடன் சிரிக்கும் முகம். கண்ணீருடன் சிரிக்கும் முகம்."

மாஸ்டர் ஒரு ராஜாவைப் பாதிச் சுவரில் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அத்தைக்குப் போனில் எழுத்துத் தட்ட வராது. போனை வாயருகே வைத்துப் பேசுவாள், அது எழுத்தாகிப் போகும். பஸ்ஸில் ஆண்கள் பின்னாலும் பெண்கள் முன்னாலும் பிரிந்து உட்கார்ந்ததால், வீட்டுக்குப் போய்த் தின்பண்டம் கொறித்தபடி பேச வேண்டியதையெல்லாம் குரூப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் வேறெந்தப் பேச்சும் இத்தனை தெளிவான உச்சரிப்பில் என் காதில் விழுந்ததில்லை.

நான் ஸ்டியரிங்கில் இருந்த ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன். சத்தம் கூடியது. இன்னொன்றைத் தள்ளினேன். சுட்டெரிக்கும் வெயிலில் வைப்பர் கர் கர் என்று கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தது. பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டே வந்தது. நிறுத்தவும் பயம், ஓட்டவும் பயம். (அன்று நான் பெற்றிருந்த லைசென்ஸ், நேராகப் போகிற வண்டிக்கு மட்டும்தான்.)

"சேகர் எழுதுகிறார். அத்தே, சும்மா இரு."

நல்ல பிள்ளை என்று நினைத்தேன். ஆனால் அத்தையை யாராவது சும்மா இருக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பது நகரியில் எல்லோருக்கும் தெரியும்.

"அத்தை எழுதுகிறார். நீ இன்னாடா சும்மா இருன்றது? வேலைக்குப் போவட்டும்னு இப்போ தலைய ஆட்டிக்கினோம். தாலி ஏறட்டும். அப்பறமா மெதுவா நிறுத்திக்கலாம். இல்லாங்காட்டி நம்ம வசந்தா மாதிரிதான் ஆவும். பஸ்ஸுல சுத்திக்கினு வந்து அவ வைக்கற கொழம்ப நாயி துன்னுமா?"

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என் குழம்புக்காக அழுவதா, தம்பியின் கல்யாணத்துக்காக அழுவதா என்று எனக்கு ஒரு கணம் குழப்பம். கண்ணாடியில் லாவண்யாவின் முகம் தெரிந்தது. அது சிவக்கவில்லை. வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் குழம்பு மறந்துபோயிற்று. எனக்குக் கல்யாணமான புதிதில் இதே பேச்சை என் முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் உண்டு. எனக்கு அதைப் படித்துக்காட்ட யாரும் இல்லை.

அப்போது அந்தக் குரல் மிக மரியாதையாகக் கேட்டது: "பதில் அனுப்ப விரும்புகிறீர்களா?"

"வேணாம்! வேணாம்! சாமி, வேணாம்!" என்று அலறினேன்.

"உங்கள் செய்தி: வேணாம் வேணாம் சாமி வேணாம். அனுப்பவா? மாற்றவா?"

"மாற்று" என்றாள் லாவண்யா.

அதுவரை அந்தப் பெண் வண்டியில் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சீட்டின் நுனிக்கு வந்து, இரண்டு சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அத்தை, நான் லாவண்யா. வண்டியில எல்லாம் சத்தமா கேக்குது. எங்க நைனா நிறையப் பேசுவாரு, அது நெஜம்தான். நான் வேலைய விடமாட்டேன். அதுவும் நெஜம். இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. தாலி ஏறின அப்பறம் சொல்லாதீங்க."

குரல் அதை அப்படியே திருப்பிப் படித்தது. "அனுப்பவா?"

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் மாஸ்டர் வகுப்பறைக் குரலில், "அனுப்பு!" என்றார். அந்தக் குரலுக்கு எந்த இயந்திரமும் கீழ்ப்படியும்.

சந்திரகிரி வந்தது, போனது. மாஸ்டர் கோட்டை இருக்கும் திசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "வெயில் ஜாஸ்தி" என்றேன். வைப்பர் ஓடுகிற வண்டியில் அப்படிச் சொன்னது எவ்வளவு அசட்டுத்தனம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

பஸ்ஸில் நடந்ததைப் பிறகு அம்மா சொன்னாள். செய்தியைப் பார்த்ததும் அத்தை போனைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாளாம். பின்னாலிருந்து நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி முன்னால் வந்து, அம்மாவின் போனை வாங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக அதில் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சுதான் எங்கள் வண்டியில் ஒலித்தது.

"அம்மா எழுதுகிறார். லாவண்யா, நான் சேகரு நைனா பேசறேம்மா. எனக்கு இதுல பேசத் தெரியாது. எங்க அக்கா பேசினது தப்பு. நான் கூட மனசுல அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தேன், அதுவும் தப்பு. வேலைய உட வேணாம். பல்லீலு, பல்லீலு, வேடி வேடி பல்லீலு. யோவ் தள்ளுய்யா. புத்தூரு வாள்ளு திகண்டி, தொந்தரகா. நான் எறங்கலய்யா, பேசிக்கினு கீறேன். அம்மா, மன்னிச்சிக்கோ."

சுடச்சுட வேர்க்கடலை விற்பவரும் புத்தூர்க்காரர்களை இறங்கச் சொல்லும் கண்டக்டரும் நைனாவின் மன்னிப்பில் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் செய்தி வாசிப்புக் குரல் எல்லாவற்றையும் ஒரே கௌரவத்தோடு படித்தது. முதலில் சிரித்தது லாவண்யாவின் அம்மா. "வேடி வேடி பல்லீலு" என்று சொல்லிச் சொல்லி, கண்ணில் நீர் வர, என் கைப்பையின் மேலேயே சாய்ந்து சிரித்தார். மாஸ்டர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

லாவண்யா சிரிக்கவில்லை. "சேகர் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

சொல்லிவைத்தாற்போல் வந்தது. "சேகர் எழுதுகிறார். ஸாரி. கூப்பிய கைகள். கூப்பிய கைகள். கூப்பிய கைகள்." அவன் எத்தனை போட்டானோ தெரியவில்லை. கோயில் அர்ச்சனை மாதிரி முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் லாவண்யாதான் ஸ்பீக்கரைப் பார்த்து, "போதும்பா, கை வலிக்கப் போவுது" என்றாள். அப்போது அவள் முகத்தில் பழைய நிறம் வந்திருந்தது.

சித்தூரில் அவர்கள் வாசலில் இறக்கிவிட்டேன். காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். குடித்தேன். வைப்பரை எப்படி நிறுத்துவது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் குடும்ப குரூப்பின் வாயையும் அடைத்தேன். அன்றிலிருந்து என் போன் ஊமை. தண்ணீர் லாரி வருவது தெரியாமல் இரண்டொரு முறை குளிக்காமல் வேலைக்குப் போயிருக்கிறேன். பரவாயில்லை.

கல்யாணம் நடந்தது. லாவண்யா இன்றும் வேலைக்குப் போகிறாள். அத்தை மட்டும் மாறிவிட்டாள். எங்கள் வீட்டில் யார் போன் செய்தாலும் அவள் ஹலோ சொல்வதில்லை. "வண்டியிலயா, வூட்லயா?" என்றுதான் எடுப்பாள். இப்போது சின்னப் பிள்ளைகள்கூட, யாராவது யாரைப் பற்றியாவது குசுகுசுவென்று ஆரம்பித்தால், "வண்டியிலயா, வூட்லயா?" என்று கத்துகின்றன.

போன வருஷம் லாவண்யாவுக்குச் சித்தூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அறை நிறைய ஆட்கள். நான்தான் அத்தைக்குப் போன் செய்தேன்.

"வண்டியிலயா, வூட்லயா?"

"ஆஸ்பத்திரியில அத்தே. பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லாகீறாங்கோ."

"யாரெல்லாம் கீறாங்க அங்க?"

"எல்லாரும்தான். பயப்படாத, ஸ்பீக்கர்ல இல்ல."

அத்தை போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றாள்.

போட்டேன். பவர்லூமை மீறிக் கேட்கும் அந்தக் குரல் அறை முழுக்க அதிர்ந்தது. குழந்தை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது.

"லாவண்யா! கொழந்தைய நான் பாத்துக்கறேன். நீ வேலைக்குப் போ!"

நர்ஸ் ஓடிவந்து என்னை முறைத்தாள். நான் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அத்தையின் குரல் சட்டென்று இறங்கி, ரகசியம்போல் கேட்டது:

"எல்லாருக்கும் கேட்டுச்சாடி?"