ஒரே ஒரு 0666

இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் ஒரு வம்பும் இல்லை. இருநூற்றுப் பதின்மூன்றாவது இடத்தில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது.

கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்களில் எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதிகளை ஆளுக்கொரு மேக்ரோவாக, அதாவது சுருக்கப் பெயராக, எழுதித் தள்ளியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி எண்ணாக்குவது, தற்காலிகமாகச் சேர்ந்திருந்த அவள் வேலை. இன்றைக்குள் முடித்தால் வேலை நிரந்தரம்.

"உரிமையாளர் எழுதலாம், மத்தவங்க படிக்க மட்டும். 0644. யாருக்கும் விதிவிலக்கு கிடையாது!" என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆய்வகத்துப் பெரிய கணினியின் விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கோப்பில் மட்டும் 0666. யார் வேண்டுமானாலும் எழுதலாம்! பக்கத்திலேயே ஒரு குறிப்பு: 'தொடாதே. காரணம் கேட்காதே.'

கேட்காதே என்றால் அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியுமா? எழுதியவர் யாரென்று துழாவினாள். பத்து வருஷப் பழசு, பெயரைக் காணோம். இன்னொன்றும் உறுத்தியது. அந்த விசிறி தினமும் மதியம் இரண்டு மணிக்குத் தானாக அடங்கிவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

"ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ?" என்றாள் பக்கத்து நாற்காலித் தோழியிடம்.

"உனக்கு வேலை வேணுமா, விசிறியோட ஜாதகம் வேணுமா?"

மனசில்லாமல் 0644 என்று மாற்றினாள்.

மணி இரண்டு. விசிறி அடங்கவில்லை. ஆய்வகத்திலிருந்து மேலாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். கன்னத்தில் ஏதோ மடிப்புத் தடம்.

"என்னம்மா பண்ணித் தொலைச்ச? காது கிழியுது!"

"நீங்க சொன்ன 0644தான் சார்..."

"ஒழுங்கா போட்டியான்னு பாரு!"

பதற்றத்தில் மறுபடி அடித்தவள் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிட்டாள். முன்பூஜ்யம் இல்லாத வெறும் 644 என்றால் கணினி அதை வேறு அனுமதிகளாக எடுத்துக்கொள்ளும். இப்போது உரிமையாளரான மேலாளரால் அந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை. தெருவில் போகிறவர் தாராளமாகப் படிக்கலாம். மேலாளர் திரையில் விசிறி வேகம் காட்டும் கட்டம் காலியானது.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுது! நிரந்தர வேலையை மறந்துடு."

அவளுக்கு வேலை போனது போனதுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், இதை முதல்ல 0666னு போட்டது யாரு?"

"எவனோ சோம்பேறி! இன்னும் இங்கதான் இருக்கான்னா, முதல்ல அவன் சீட்டைக் கிழிக்கிறேன்!"

அப்போது வாசல் காவலாளி தயங்கித் தயங்கி உள்ளே தலையை நீட்டினார்.

"அய்யா, நீங்க தூங்குற நேரத்துல விசிறியைக் குறைக்கச் சொல்லி, பத்து வருஷம் முன்னாடி என் கம்ப்யூட்டர்ல நீங்களே ஒரு புரோகிராம் போட்டுக் குடுத்தீங்களே, அது இன்னிக்கு 'அனுமதி இல்லை'ங்குது... மறுபடி போட்டுத் தர்றீங்களா?"