நீலமாகாத ஈஸ்ட்டும் ஆற்காட்டு ஜீராவும்

கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. (கல்யாண மேடையிலேயே ஐயர் என்னை உலுக்கி எழுப்பாத குறைதான்.) வேலூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அந்தத் திறமை உச்சத்துக்குப் போனது.

என் ஆராய்ச்சி ஈஸ்ட்டைப் பற்றியது. ரொட்டி மாவைப் பொங்க வைக்குமே, அதேதான். அதன் செல்லுக்குள் எந்த ஜீன் எப்போது வேலை செய்யலாம் என்று தீர்மானிப்பவை புரதங்கள். கேல்-4 என்ற புரதம், ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் மாதிரி ஜீனின் வாசலில் நின்று "ஆரம்பிங்கப்பா" என்று சொல்லத் துடிக்கும். கேல்-80 அதன் வாயைப் பொத்தியிருக்கும். கேலக்டோஸ் என்ற சர்க்கரை வந்தால் பொத்திய கை விலகும், வேலை தொடங்கும். ஆனால் குளுக்கோஸ் இருந்துவிட்டால், மிக்-1 என்ற இன்னொரு புரதம் கேட்டையே இழுத்து மூடிவிடும். சுலபமான சாப்பாடு இருக்கும்போது எதற்கு வீண் வேலை?

வேலை தொடங்கினால், தட்டில் கலந்த ஒரு மருந்தால் என் ஈஸ்ட் நீலமாகும். குளுக்கோஸ் தட்டில் வெள்ளை, கேலக்டோஸ் தட்டில் நீலம். இதை ஆய்வுக் குழுவிடம் காட்டாவிட்டால் உதவித்தொகை நிற்கும். படிப்பும் அதோடு சரி.

குழுவுக்குக் கொடுக்க என் கணவர் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்தார். டப்பா ஒழுகியதால், அந்த இனிப்பு ஊறிய சர்க்கரைப் பாகை, அதாவது ஜீராவை மட்டும் ஒரு லேப் பாட்டிலில் வடித்து, கேலக்டோஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தேன். (இங்கே தின்பண்டம் வைக்காதீர்கள் என்று கதவில் எழுதி ஒட்டியதே நான்தான்.)

ஈஸ்ட்டுக்கான உணவைக் கலந்து தட்டுகளில் ஊற்றிய மதியம் ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் மங்கிக் கிடந்தது. இன்குபேட்டர் தாலாட்டுப் பாடியது. நான் செல்லுக்குள் நடந்துகொண்டிருந்தேன். டி.என்.ஏ. நூல் பாலாற்று மணல் மாதிரி முடிவில்லாமல் நீண்டது. கேல்-4 என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. அந்த மயக்கத்திலேயே கை நீட்டி, பாட்டிலை எடுத்து, கலந்து ஊற்றினேன். எவ்வளவு சுகமாக இருந்தது!

குழு வந்த நாளில் இரண்டு தட்டும் பால் வெள்ளை. வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் இரண்டாவது தட்டைத் திறந்து முகர்ந்தார்.

"இன்னாம்மா இது, ஏலக்கா வாசன வருது?"

என் தோழி நஸ்ரீன் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "அடிப்பாவி, ஜீராவ ஊத்திட்டியா!" என்றாள். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

பேராசிரியர் மட்டும் விடவில்லை. "சரி, ஜீராவுல ஏன் நீலம் வரல? அத சொல்லு."

அழுகைக்கு நடுவே சொன்னேன். ஜீராவின் சர்க்கரையை ஈஸ்ட் உடைத்துக் குளுக்கோஸ் ஆக்கிக்கொள்ளும். மிக்-1 கேட்டை மூடும். கேல்-4 வாசலிலேயே நிற்கும். கனவில் பார்த்த மாதிரியே சொன்னேன்.

"புரிஞ்சிதான் இருக்குது. இன்னொரு வாட்டி செஞ்சி காட்டு, இனிப்பு இல்லாம," என்றவர், ஜீரா இல்லாமல் உலர்ந்துபோன பேடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த முறை நீலம் வந்தது, பட்டமும் வந்தது. ஆனால் இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை பாயசம் குடித்துவிட்டுப் படுக்கும் என் கணவரைத் துணி காயப்போடக் கூப்பிட்டால், கண்ணைக்கூடத் திறக்க மாட்டார்.

"நான் இன்னா பண்றது? மிக்-1 கேட்ட மூடிட்டாரு."