மாடி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த நம்பர்?

இரும்புலியூர்
13.5.2006

அன்புள்ள மருமகன் வாஜிதுக்கு, உன் தாய்மாமா ஹனீஃபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கு எல்லோரும் சுகம், கம்ப்யூட்டர்கள் இரண்டைத் தவிர. போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் என் காதில் விழாது, அதனால் எழுதுகிறேன்.

பக்ரீத்துக்கு வந்தபோது, கீழ்வீட்டிலிருக்கும் என் தம்பி அக்தரின் இன்டர்நெட்டை மாடியிலிருக்கும் எனக்கும் ஒயர் இழுத்துப் பங்கு போட்டுக் கொடுத்தாய். சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் வேண்டுமென்று சொல்லி, நீளமான அந்த நம்பரின் கடைசியில் அவனுக்கு ஒன்று, எனக்கு இரண்டு என்று போட்டுவிட்டுப் போனாயே, இது என்ன நியாயம்? கனெக்‌ஷன் அவன் வீட்டில் இருக்கிறதாம், அதனால் அவன் ஒன்றாம். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழேதான் அவன் பெயர். குர்பானிக் கறியில்கூட முதல் பங்கு மாடிக்குத்தான் ஏறும். கம்ப்யூட்டருக்கு மட்டும் வேறு சட்டமா?

நேற்று ஜும்ஆ முடிந்ததும் மஸ்கட்டிலிருந்து என் மகள் மெஹ்னாஸ் பிள்ளையைக் கேமராவில் காட்டினாள். நமக்கு முதல் பேத்தி. உன் மாமி குல்ஷன் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு திரைமுன் உட்கார்ந்துவிட்டாள். படம் நத்தை மாதிரி வந்தது. முடி வந்தது, நெற்றி வந்தது, மூக்கு வரவில்லை. இரண்டாம் நம்பருக்கு மிச்சம் மீதிதானே வரும்? நீ காட்டிய இடத்துக்கே போய் என் நம்பரை ஒன்று என்று மாற்றினேன். உடனே ‘ஐ.பி. அட்ரஸ் கான்ஃப்ளிக்ட்’, அதாவது ஒரே நம்பரில் இரண்டு கம்ப்யூட்டர் மோதுகிறது என்று திரையில் ஒரு பெட்டி எழும்பியது. நெற்றியும் போய்விட்டது.

அக்தர் மூச்சிரைக்க மாடியேறி வந்தான். “அண்ணே, இன்னா பண்ணீங்க? கீழயும் நெட்டு போச்சு!”

“நான் ஒன்னாம் நம்பர் ஆயிட்டேன்.”

“அப்ப நான் யாரு?”

“ரெண்டு.”

“கனெக்‌ஷன் என் பேர்ல கீது, நான் ஏன் ரெண்டாவணும்?” என்றவன் டீயைக்கூடத் தொடாமல் இறங்கிப் போய்விட்டான். குல்ஷனோ, “உங்க நம்பர யாரு கேட்டா? புள்ள மூக்கு யார மாதிரின்னு பாக்கணும், அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு என்னிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். எனக்கு மட்டும் பார்க்க ஆசை இல்லையா, வாஜித்? அதற்காகத் தம்பிக்கு அடுத்தபடியில் நிற்க முடியுமா? திருமுடிவாக்கத்தில் இருபது பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவன் நான், ஒரு பெட்டிக்குப் பயப்பட மாட்டேன். மெஹ்னாஸ் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி காட்டுவாள். அதற்குள் அவன் நம்பரை மாற்றச் சொல்லி அவனுக்குப் போன் செய். நான் மாற்ற மாட்டேன்.

உன் வேலையில் பரக்கத் பெருகட்டும். உன் அம்மாவுக்கு என் சலாம் சொல்.

உன் மாமா,
ஹனீஃபா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது குல்ஷனின் முகத்தைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, யாருக்கும் தெரியாமல் இரண்டுக்கே மாற்றிவிட்டேன். அப்போதும் அதே பெட்டி! கீழே போய்க் கேட்டால் அக்தர் தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க பெரியவங்க, அண்ணே. நான் காலையிலயே ரெண்டா மாறிட்டேன்” என்கிறான். நீயே ஒன்றாக இருடா என்றால் மாட்டேன் என்று அழுகிறான். வெள்ளிக்கிழமைக்குள் நீயே வந்து சேர். அண்ணன் விட்டுக்கொடுத்தது கொடுத்ததுதான், இந்த விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை.