வீட்டுக்கு ஒரு நோயாளி

புதூர்நாடு,
12-12-1981.

பாசமுள்ள தசரதன் மாமா அவர்களுக்கு அம்சவல்லி வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அக்கா, நான், சினை ஆடு ஆகிய ஐவரும் சுகம். சென்னையில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்றும், மெஸ் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்றும் நம்புகிறேன். நல விசாரிப்பை முதல் பத்தியிலேயே முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் தமிழ் ஐயாவின் கட்டளை. முடித்துவிட்டேன். இனி வருவதெல்லாம் கவலை.

அக்கா பாஞ்சாலை நம் மலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே மயக்க மருந்து கொடுக்கும் படிப்பும் படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டரம்மா தொடங்கிய அந்தப் பயிற்சிப் பள்ளியில் மொத்தம் நான்கு மாணவிகள். நோயாளியைத் தூங்க வைத்து, அறுவை முடிகிறவரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டு, மறுபடி எழுப்பிவிட வேண்டும். தூங்க வைப்பது சுலபம், எழுப்புவதுதான் கஷ்டம் என்று அக்கா சொல்வாள். தினமும் காலையில் என்னை எழுப்புகிறவள், அவளுக்குத் தெரியாதா? ஆனால் மாமா, அரசாங்கம் அந்தப் பள்ளியை அங்கீகரித்தால்தான் அவளுடைய சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தை பொறக்கறதுக்குள்ள கவர்மெண்ட் முத்திரை வந்தா அவ வேலைக்குப் போகட்டும். வரலன்னா கல்யாணத்த முடிச்சு தசரதனோட பட்டணத்துக்கு அனுப்பிடுவேன்." அப்படி அனுப்பினால் அவள் படித்ததெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். அந்தத் தசரதன் நீங்கள்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் உங்களிடம்தான் உதவி கேட்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் பத்தொன்பதாம் தேதி சென்னையிலிருந்து டாக்டர் ஆதிநாராயணன் என்கிற அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருவதாக முன்கூட்டியே கடிதம் வந்தது. இருபது கட்டிலில் பதினைந்திலாவது நோயாளிகள் இருக்க வேண்டும் என்பது விதியாம். ஆனால் அது சாமை அறுப்புக் காலம். அறுப்புச் சமயத்தில் நம் மலையில் யாருக்கும் நோய் வராது. வந்தாலும் கதிர் களத்துக்கு வந்து சேர்கிறவரை காத்திருக்கும். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தது மூன்றே பேர், அதில் ஒருவர் வாட்ச்மேன். டாக்டரம்மா கவலையோடு நின்றதைப் பார்த்து ஊர்க் கவுண்டர் மாதையன் விசாரித்திருக்கிறார். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னதும், "அவ்ளோதானா? இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா, நான் எதுக்கு இருக்கேன்?" என்று போய்விட்டார். அவர் எங்கே போனார் என்று டாக்டரம்மா கேட்காமல் விட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. ரோட்டில் மண் சரிந்தாலும், மாரியம்மன் கோயில் கூரை மேய வேண்டுமென்றாலும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும். வராத வீட்டுக்கு ஊரில் நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள். கவுண்டர் அந்த வழக்கப்படியே தமுக்கு அடிக்கச் சொல்லிவிட்டார். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வூட்டுக்கு ஒரு நோயாளி! கம்பளி அவங்கவங்களே கொண்டாரணும்!" மறுநாள் ஏழு மணிக்கு முப்பத்தெட்டு வீட்டிலிருந்து முப்பத்தேழு பேர் கம்பளியும் தூக்குச் சட்டியுமாக வந்து நின்றார்கள். முந்தின நாள் மூட்டை சுமந்தவர்கள், மரம் ஏறித் தழை வெட்டியவர்கள், தேன் எடுக்கப் பாறையில் தொங்குகிற லட்சுமணன் அண்ணன், எல்லாரும் கட்டிலுக்கு இருவராகப் படுத்துவிட்டார்கள். டாக்டரம்மா ஓடி வந்து, "கவுண்டரே, இது தப்பு, எழுப்பி அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா ஓட்டி வந்த ஆஸ்பத்திரி ஜீப் வாசலில் வந்து நின்றது. கவுண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ராஜவேலு வூட்லேர்ந்து மட்டும் ஆள் வரல. அவன அப்புறம் பாத்துக்கறேன்" என்றபடி தானும் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டார்.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஆதிநாராயணன் சார் ஒல்லியாக இருந்தார், சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருந்தார், சிரிக்கவே இல்லை. எனக்கு அன்று பள்ளி விடுமுறை. புளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். சார் முதல் கட்டிலில், "என்ன உடம்புக்கு?" என்று கேட்டார். "வயித்து நோவுங்க" என்று பதில் வந்தது. அடுத்த கட்டிலிலும் வயித்து நோவு. அதற்கடுத்ததிலும். கவுண்டர் ஆளைப் பங்கு போட்டாரே தவிர நோயைப் பங்கு போட மறந்துவிட்டார். எட்டாவது கட்டிலுக்கு வந்தபோது சாரின் முகம் வெளுத்துவிட்டது. "என்ன சாப்பிட்டீங்க?" என்றார். "களி, கீரைக் கொழம்புங்க." எல்லாரும் அதையேதான் சொன்னார்கள், ஏனென்றால் எல்லாரும் அதையேதான் சாப்பிட்டிருந்தார்கள். சார் நோட்டை எடுத்து "கிணற்று நீரைச் சோதிக்கவும், காலரா?" என்று எழுதியதை நான் ஜன்னலிலிருந்தே படித்தேன். நல்ல கையெழுத்து. பிறகு, பத்து நிமிஷம் முன்பு நோயாளிகளைத் தொட்ட தன் கையையே ஒருமாதிரிப் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் அக்காவுக்குச் சோதனை வந்தது. சார் மாணவிகளை வரிசையாக நிறுத்தி அக்காவைக் கூப்பிட்டு லட்சுமணன் அண்ணனைக் காட்டினார். "இவருக்கு இப்பவே ஆபரேஷன். நீ மயக்கம் கொடுக்கணும். முதல்ல என்ன செய்வே?" அக்கா நேராகப் போய், "கடைசியா எப்போ சாப்டீங்கண்ணா?" என்று கேட்டாள். லட்சுமணன் அண்ணன் பெருமையாக, "இப்பத்தான் கண்ணு, நாலு உருண்ட!" என்றார். "குடுக்க முடியாது சார்" என்றாள் அக்கா. சார், "சர்ஜன் சொல்றாங்க, உடனே கொடுன்னு. அப்போ?" என்று மடக்கினார். "டாக்டரம்மாவே சொன்னாலும் குடுக்க மாட்டேன் சார். வயிறு ரொம்பியிருக்கு. மயக்கத்துல வாந்தி எடுத்தா மூச்சுக் குழாய்க்குள்ள போயிடும், ஆள் பொழைக்க மாட்டார். அவசரம் இல்லன்னா காத்திருக்கணும்." "அவசரம் இல்லைன்னு நீ எப்படிச் சொல்றே?" அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள், கவுண்டரின் கம்பளியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அவளுடைய சான்றிதழ், வேலை எல்லாம் அந்தத் தரையில்தான் கிடந்தது மாமா. அக்கா சொல்லிவிட்டாள்: "ஏன்னா இவருக்கு ஒரு நோவும் இல்ல சார். இன்னிக்குக் காலைல வந்து படுத்த யாருக்குமே இல்ல."

கம்பளிக்குள்ளிருந்து கவுண்டர், "அடிப்பாவி, ஊரே வந்து படுத்திருக்குது, இப்படிக் கவுத்துட்டியே!" என்று முனகியது வார்டு முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா முன்னால் வந்து, "தப்பு என்னோடது சார்" என்று ஆரம்பித்தார். சார் நான்கு பேனாக்களில் திறந்திருந்த ஒன்றை மூடிப் பையில் செருகினார். அந்த மூடி போட்ட சத்தத்தில் எனக்குத் தை மாதமே பிறந்துவிட்டதுபோல் இருந்தது.

அப்போதுதான் வாசலில் ஆள் சத்தம். வராத வீட்டுக்காரர் ராஜவேலுவும் அவர் தம்பியும் மூங்கிலில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி முனியம்மா அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர் ராஜவேலுவின் மனைவி. இரண்டு நாளாக வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது. பாவம், ராஜவேலுவுக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சிலும், "கவுண்டரே, எங்க வூட்டு ஆளு இதோ" என்றார். அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மாமா. ஒரே நொடியில் முப்பத்தேழு நோயாளிகளும் குணமடைந்தார்கள். ஒருவர் கட்டிலைக் காலி செய்ய, ஒருவர் கம்பளி விரிக்க, இருவர் தண்ணீர்க் குடத்துக்கு ஓட, கவுண்டரே தொட்டிலின் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டு, "வழி வுடுங்கடா!" என்று கத்தினார். அவர் வழியில் நின்றது ஆதிநாராயணன் சார் மட்டும்தான்.

அக்கா முதலில் கேட்டது அதே கேள்வி. "கடைசியா எப்போக்கா சாப்டீங்க?" ராஜவேலு, "நேத்து சாயங்காலத்துலேர்ந்து தண்ணி கூட எறங்கல பாப்பா" என்றார். அக்கா டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் கூடையை ஆபரேஷன் அறை ஜன்னலுக்கு மாற்றினேன். கண்ணாடியின் கீழ்ப் பாதியில் சுண்ணாம்பு பூசியிருந்ததால் எனக்குத் தெரிந்தது தலைமாட்டுப் பக்கம் மட்டும்தான். அக்கா முனியம்மா அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தின் மேல் துணி சுற்றிய கம்பி வலையைப் பிடித்து ஈதர் என்கிற மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு கை தாடையைத் தாங்கியிருந்தது, ஒரு விரல் நாடியிலேயே இருந்தது. "பயப்படாதக்கா, நான் இங்கேயேதான் இருப்பேன், எங்கேயும் போக மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சார் முகத்துணி கட்டிக்கொண்டு பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். அக்கா திரும்பாமலே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வெளிச்சம் மறைக்குது" என்றாள். அரசாங்கம் ஓரடி தள்ளி நின்றது. பிள்ளை அழுத சத்தம் வந்தபோது வெளியே நின்ற முப்பத்தேழு பேரும் போட்ட கூச்சலில் நான் கூடையிலிருந்து விழுந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு, கவலை வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து முனியம்மா அக்கா கண் திறந்து அக்காவின் பெயரைச் சொன்னார். ராஜவேலு கவுண்டரிடம் போய், "எங்க வூட்லேர்ந்து ரெண்டு ஆளுங்க. கணக்கு வச்சிக்குங்க" என்றார்.

இத்தோடு சார் கிளம்பியிருந்தால்கூட ஏதோ நம்பிக்கை இருந்திருக்கும். கவுண்டர் விடவில்லை. சாமைச் சோறு, மொச்சைக் கொட்டைக் குழம்பு, நாட்டுக்கோழி, கடைசியில் லட்சுமணன் அண்ணனின் தேன் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். "போதும், போதும்" என்று சார் சொல்லச் சொல்ல இலையில் விழுந்துகொண்டே இருந்தது. பாராட்டியோ திட்டியோ ஒரு வார்த்தை சொல்லாமல் ஜீப்பில் ஏறினார். மலை இறங்கும்போது ஏழாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, சாப்பிட்டதையெல்லாம் புதரோரம் விட்டுவிட்டாராம். அப்பா திரும்பி வந்து, "இன்னா இருந்தாலும் அவ்ளோதான். ஒப்புதல் அந்த ஏழாவது வளைவுலயே போயிடுச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அக்கா மட்டும், "வயிறு ரொம்பச் சாப்ட்டா அப்படித்தான், நான் முன்னாடியே சொன்னேனே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் அவளுடைய நோட்டுகளை அடுக்கி ஒரு சாக்குக் கயிற்றால் கட்டி வைத்ததைப் பார்த்தேன்.

இருபத்து மூன்று நாளாகிவிட்டது, பதில் இல்லை. ஆகவே மாமா, நீங்கள் அரசு அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர். அரசாங்கம் இன்ன பள்ளி செல்லும், செல்லாது என்று அரசிதழில் போடுவதை ஊருக்கு முன்னால் கையில் தொடுகிறவர் நீங்கள்தான். எங்கள் பள்ளி செல்லும் என்று தாள் வந்தால் அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து முதலில் கோக்க வேண்டும். செல்லாது என்று வந்தால் அடியிலே வைத்து, பொங்கல் கழிகிறவரை தொட வேண்டாம். இன்னும் பதிலே வரவில்லை என்று சொல்லி அப்பாவிடம் தவணை வாங்கிக்கொள்கிறேன். இதனால் உங்கள் கல்யாணம் தள்ளிப் போகும் என்பதை உணர்ந்துதான் கேட்கிறேன். நீங்கள் நல்லவர். வேறு பெண் கிடைக்கும். (அக்கா மாதிரி கிடைக்காது.) தை மாதம் தயவுசெய்து இங்கே வராதீர்கள். வந்தால் அப்பா அன்றைக்கே பந்தல் போட்டுவிடுவார்.

வயதில் சிறியவள் ஆகையால் உங்களை ஆசீர்வதிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அம்மாவின் ஆசியை, அவளைக் கேட்காமலே, இங்கே சேர்த்திருக்கிறேன். இந்தக் கடிதம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

என்றும் உங்கள் அன்புக்குரிய
அக்காள் மகள்,
து. அம்சவல்லி,
ஒன்பதாம் வகுப்பு.

பி.கு.: மேலே எழுதிய எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். இதைத் தபால் பெட்டியில் போடப் போன இடத்தில் தபால்காரர் உங்கள் உறையைக் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே இருந்த அரசிதழ்ப் பக்கத்தைப் பார்த்தோம். பள்ளிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒப்புதல், பிறகு மறுபடியும் பார்வையிடுவார்கள். ஓரத்தில் நீங்கள் பென்சிலால் எழுதியிருந்ததையும் பார்த்தோம்: "இந்தப் பத்தியை நானே கேட்டு வாங்கிக் கோத்தேன், மூன்று தடவை சரி பார்த்தேன். தையில் வருகிறேன், அழைத்துப் போக அல்ல. மலைக்குக் கீழே திருப்பத்தூரில் ஓர் அச்சகத்தில் ஆள் வேண்டுமாம்." என் கடிதம் வருவதற்கு முன்பே நீங்கள் இப்படிச் செய்தால் நான் ஏழு பக்கம் எழுதியதற்கு என்ன அர்த்தம்? அப்பா இரண்டு தடவை படித்துவிட்டுப் பந்தலுக்கு மூங்கில் பார்க்கப் போயிருக்கிறார். கவுண்டருக்கும் செய்தி போய்விட்டது. அடுத்த தடவை வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு நோவு, எல்லாரும் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார். அக்கா நோட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டாள். உங்கள் பக்கத்தை மடித்து மயக்க மருந்துப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள், கேட்டால் பக்க அடையாளத்துக்கு என்கிறாள். மாமாவுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வர்ற அன்னிக்கு வெறும் வயித்துல மலை ஏறச் சொல்லு. வந்து இங்க சாப்ட்டுக்கலாம்" என்றாள்.