கேள்வி கேட்காத மீன் வைத்தியர்

மீன் வைத்தியர் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. படித்துப் பட்டம் வாங்கியவரைச் சொல்லவில்லை. எங்கேயாவது ஒரு கண்ணாடித் தொட்டியில் ஒரு மீன் சற்றே சோம்பிக் கிடந்தால் போதும், கூப்பிடாமலே வந்து, மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, மூச்சுவிட்டு அதை மங்கலாக்கி, மங்கலைச் சட்டைக் கையால் துடைத்து, "ம்ம்ம்" என்று நீட்டி முழக்குவாரே, அவரைச் சொல்கிறேன். உங்கள் ஊரிலும் இருப்பார். எங்கள் அலெக்ஸாந்திரியாவில் அவர் பெயர் ஷுக்ரி. டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவருக்கு மீனின் முகம் எம்மாத்திரம்?

நாங்கள் கூடுமிடம் அதிய்யாவின் சவரக் கடை. அவன் சிகரெட்டை விட்டபோது, கைக்கு வேறு வேலை வேண்டுமே என்று அவன் மனைவி இன்ஷிராஹ் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு குராமி மீனும் தொட்டியும் வாங்கிவந்து கடையில் வைத்தாள். எந்நேரமும் கடையை மேற்பார்வை பார்ப்பதுபோல் மிதந்ததால் மீனுக்கு மேனேஜர் என்று பெயர். சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் அதிய்யா ஒரு சிட்டிகைத் தீனி போடுவான். நினைப்பு அடிக்கடி வந்தது.

ஒருநாள் மேனேஜரின் வாயோரம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை படர்ந்திருந்தது.

"பூஞ்சை!" என்றார் ஷுக்ரி. இன்னும் கடைக்குள் முழுசாக நுழைந்திருக்கவில்லை.

"செத்துருமா அண்ணே?" கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டான் அதிய்யா. பாதிக் கன்னத்தில் நுரையோடு நான் காத்திருந்தேன்.

"நான் இருக்கும்போதா? என் மச்சினன் தொட்டியில இதே கேஸ்தான். தண்ணியைச் சூடாக்கு. உப்பைப் போடு. மீன் பூஞ்சைக்குன்னு விக்கிற நீல மருந்தை ஊத்து. ரெண்டு பல்லு பூண்டும் நசுக்கிப் போட்டுரு."

"அந்த மீனு இப்ப நல்லாருக்கா?" என்று நுரைக்குள்ளிருந்து கேட்டேன்.

"வைத்தியம் பிரமாதமா வேலை செஞ்சுது," என்றார். மீனைப் பற்றிப் பேச்சில்லை.

தண்ணீர் நீலமானது. கடை பூண்டு மணத்தது. சாயங்காலத்துக்குள் நீலம் வெளுத்துவிட்டது.

"பாத்தியா? மருந்தை நோய் குடிச்சிருச்சு! இன்னும் ஊத்து!"

ஊற்றினான். மறுநாள் வெள்ளை வாயிலிருந்து முதுகுக்கு ஏறியது, வால் கிழிந்தது, மேனேஜர் ஒரு மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து திறந்து மூடினார்.  அதிய்யாவின் காதில் ஒரு சிகரெட் செருகியிருந்தது. பற்றவைக்கவில்லை; ஆனால் இருந்தது. புதினா டீ கொண்டுவந்த இன்ஷிராஹ் அதைப் பார்த்தாள். தட்டை என் மடியில் வைத்தாள்.

"ஷுக்ரி அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க."

மூடிபோட்ட டப்பாவில் மீனை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் நடந்தாள். பின்னால் அதிய்யா, அவன் பின்னால் ஷுக்ரி, முந்தினநாள் பாதியில் நின்ற தாடியோடு நான்.

மருத்துவர் ஓர் இளம்பெண். மருந்தின் பெயர் சொல்வதற்கு முன் கேட்டார்: "தண்ணி எப்ப மாத்துனீங்க? தீனி எவ்வளவு போடுறீங்க?"

அதிய்யா தலை குனிந்தான். இத்தனை நாளில் இதை யாராவது கேட்டோமா? சிட்டிகைகளில் தொடங்கி சூடு, உப்பு, சாயங்காலத்துக்குள் வெளுத்த நீல மருந்து, பூண்டு வரை எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

"பாத்தா பூஞ்சை மாதிரிதான் இருக்கும். இது பாக்டீரியா. மிஞ்சுன தீனி அழுகி, தண்ணி கெட்டு வந்தது. சூடு ஏத்துனா இன்னும் வேகமாப் பரவும். யாரு ஏத்தச் சொன்னது?"

ஷுக்ரி சுவரிலிருந்த பசுமாட்டுப் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வடிகட்டியில கரி இருக்கா? நீல மருந்தை அதுதான் உறிஞ்சிருக்கு. மீனைத் தனியா வைங்க. இந்த ஒரு மருந்து போதும். தினமும் கொஞ்சம் தண்ணி மாத்துங்க. தீனியைக் குறைங்க."

கடைக்குத் திரும்பியதும் இன்ஷிராஹ் தீனி டப்பாவைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சிகரெட்டையும்.

தினமும் காலையில் முதல் ஆளாக வந்து, குளோரின் போகட்டும் என்று வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஷுக்ரிதான். வாயே திறக்கவில்லை. வெள்ளை உதிர்ந்து மேனேஜர் மறுபடி தீனியைக் கவ்விய காலையில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நல்ல மனிதர், ஐயா. மீன் பிழைக்கவேண்டும் என்று மனதார விரும்பித்தான் கொல்லப் பார்த்தார்.

அன்று மத்தியானமே ஒரு வாடிக்கையாளரிடம், "எனக்கு முதல்லயே பாக்டீரியான்னு ஒரு சந்தேகம்," என்று தொடங்கிவிட்டார். இப்போது எந்தத் தொட்டியில் எந்த மீன் தும்மினாலும் பாக்டீரியாதான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று உங்களிடம் ஒருவர் "ரெண்டு நாளா முதுகு…" என்று ஆரம்பித்தாரே, தைலத்தின் பெயர் சொல்வதற்கு முன் அவரை முடிக்க விட்டீர்களா?